குதிரைக்கு முதலில் வந்த காய்ச்சல்

எனக்கு முதலில் கெட்டது எண்ணிக்கை. காய்ச்சல் அதன் பிறகுதான் வந்தது. இதைச் சொன்னால் மருத்துவர்கள் தலையை ஆட்டிவிட்டுக் காய்ச்சல் தொடங்கிய தேதியை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள்.

தேவதானத்தில் என் தோப்பில் அன்று தேங்காய் வெட்டு. எங்கள் பக்கத்தில் காயோ நெல்லோ எண்ணும்போது 'ஒன்று' என்று தொடங்க மாட்டோம். முதலாவதை 'லாபம்' என்போம். பிறகு இரண்டு, மூன்று என்று போகும். ஆள் வைத்து எண்ணினால் எனக்குத் திருப்தி வராது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில், நூலை எடை போட்டு, அதன் பருமனுக்கு எண் கொடுத்தே தலை நரைத்தவன் நான். வியாபாரி மாடசாமி எதிரில் நிற்க, நானே காயை எடுத்துப் போட்டு எண்ணினேன்.

"லாபம்" என்றேன். அடுத்த காய்க்கும் "லாபம்" என்றேன். அதற்கடுத்த காய்க்கும்.

"அண்ணாச்சி, எல்லாமே லாபம்னா நான் எதைக் கணக்குல வைக்க?" என்றான் மாடசாமி.

"நீ வாயை மூடிட்டு நில்லு. லாபம்."

"இந்தக் காயை எத்தனையாவதுன்னு எழுத? எண்ணாம விட்டுட்டு, பொறவு உங்க இஷ்டத்துக்கு ஒரு தொகை சொல்லலாம்னு பாக்கியளா?"

கையில் இருந்த காயை அவன்மேல் எறிந்தேன். படவில்லை. தோப்பில் இருந்தவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பெரியவருக்கு இன்றைக்குக் கொஞ்சம் அதிகம் என்று நினைத்தார்களாம்.

சாயங்காலம் தலை பிளந்தது. பிடரி விறைத்தது. வெளிச்சம் கண்ணில் குத்தியது. உடம்பு கொதிக்கிறது என்று என் மனைவி கிரேஸிடம் சொன்னேன். "தேங்காயைத் தூக்கி எறிஞ்சா தலை வலிக்காம என்ன செய்யும்" என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போனாள்.

என் வீட்டை அடுத்த வீடு என் தம்பி தங்கராஜுடையது. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் யார் இடத்தில் ஏறி நிற்கிறது என்பதில் வந்த சண்டை எங்கள் அப்பா இறந்த வருஷத்திலிருந்து நடக்கிறது. நான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'குதிரைக்காரன்' என்பேன். அவன் என்னை அண்ணன் என்று சொல்லாமல், யாரோ அந்நியரைப் போல 'அவிய' என்பான், அதுவும் நான் காதால் கேட்கும்படி.

அவன் பட்டாளத்தில் கோவேறு கழுதைகளைப் பராமரிக்கும் பிரிவில் இருந்தவன். ஓய்வுபெற்று வந்ததும் கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு விடுகிறேன் என்று ஒரு பெண் குதிரையை வாங்கினான். பேர் பிஜிலி. இந்தியில் மின்னல் என்று அர்த்தமாம். அது வந்த நாளிலிருந்து சாணி நாற்றம், ஈ, கொசு. அதன் தண்ணீர்த் தொட்டியில் ஒரு கரண்டி தண்ணீருக்கு எத்தனை கொசுப்புழு என்று எண்ணி ஊராட்சிக்கு நான்கு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எனக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே அந்தக் குதிரைக்கு நோய் வந்துவிட்டது. இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான செய்தி. இதை முதலிலேயே கவனிக்க வேண்டியவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

முதலில் புல்லைத் தொடவில்லை என்றார்கள். பிறகு பின்னங்கால்கள் பின்னின. உதடு தானாகத் துடித்தது. கடைசியில் அது பொதுச் சுவரில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றது. என் பக்கம் காரை உதிர்ந்தது. சுவரை இடிக்கவே குதிரையைப் பழக்கி வைத்திருக்கிறான் என்று நான் சத்தம் போட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கால்நடை மருத்துவர் வந்தார். நடுவயதுப் பெண்மணி. அவர் பேசியது சுவருக்கு இப்பால் தெளிவாகக் கேட்டது.

"இது வயித்து வலி இல்ல. மூளையில ஏதோ வைரஸ் மாதிரி இருக்கு. கொசுவால வாரது. ரத்தம் எடுத்து அனுப்புறேன். வீட்டுல, அக்கம்பக்கத்துல யாருக்காவது காய்ச்சல் உண்டா?"

"எங்க வீட்டுல இல்ல டாக்டரம்மா. பக்கத்து வீட்டுல இருக்கவியளுக்குக் கொழுப்புதான் உண்டு, காய்ச்சல் கிடையாது."

"விளையாடாதீங்க. யாருக்காவது வந்தா எனக்கு உடனே போன் பண்ணணும்."

அவர் தன் மேலதிகாரிக்குத் தகவல் அனுப்பினார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தத் தகவல் மனிதர்களைப் பார்க்கும் மருத்துவர் எவர் மேசைக்கும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஐந்து இடங்களில் கேட்டேன். ஐந்து இடத்திலும் அது இன்னொரு இடத்தின் வேலை என்றார்கள்.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் என்னைச் சேர்த்தார்கள். அது ஐப்பசி மாதம். மழை பெய்து ஊரெல்லாம் காய்ச்சல். இளைஞரான மருத்துவர் ஒருவர் ரத்தப் பரிசோதனை அட்டையில் மங்கலாக ஒரு கோடு விழுந்திருப்பதைக் காட்டி "டெங்கு" என்றார். அதோடு அவர் யோசிப்பதை நிறுத்திவிட்டார்.

அந்தக் கோட்டைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது காட்டுவது ஐஜிஎம் (புதிதாக நுழைந்த கிருமியை எதிர்க்க உடல் முதலில் உண்டாக்கும் பொருள்). டெங்குவும், ஜப்பானிய மூளைக்காய்ச்சலும், மேற்கு நைல் காய்ச்சலும் ஒரே குடும்பத்துக் கிருமிகளால் வருபவை. ஒன்றை எதிர்த்து உடல் உண்டாக்கியதைப் பார்த்து இன்னொன்றின் அட்டையும் லேசாகக் கோடு காட்டிவிடும். அண்ணன் செய்த குற்றத்துக்குத் தம்பியைப் பிடித்துக்கொண்டு போவதைப் போன்றது. இதை எனக்கு விளக்கியவர் அந்த இளைஞர் இல்லை.

அங்கே தட்டணுக்களை (ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்கள்) மட்டும் காலையும் மாலையும் எண்ணினார்கள். என் தலைக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் எண்ணவில்லை.

பார்க்க வந்தவர்கள் பதினேழு பேர் என்று கிரேஸ் சொல்கிறாள். பதினொரு பேர் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார்கள். ஐந்து பேர் நிலவேம்பு. ஒருவர் இரண்டையும் கலந்து கொண்டுவந்தார். நான் துப்பினேன். திட்டினேன். ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிந்தேன்.

"தாத்தா ரொம்பக் கோவப்படுறாரே, எப்பவுமே இப்படியா?" என்று செவிலி கேட்டார்.

"பிறவியே அப்படித்தான் சிஸ்டர். இன்னைக்குக் கொஞ்சம் கம்மி" என்றாள் கிரேஸ்.

மூளை வீங்கினால் முதலில் மாறுவது நடத்தை. சாதுவான மனிதன் திட்டினால் வீடு பதறும். உடனே கொண்டு ஓடுவார்கள். என்னைப் போன்றவன் திட்டினால் அது நோயாகக் கணக்கில் வராது. உங்கள் வீட்டிலும் ஒரு சிடுசிடுப்பான கிழவர் இருக்கலாம். காய்ச்சலில் அவர் எப்படித் திட்டுகிறார் என்று கேளுங்கள். வழக்கமாகத் திட்டும் விஷயத்தையா, சம்பந்தமில்லாத ஒன்றையா? அந்த வித்தியாசத்தில் ஓர் உயிர் இருக்கிறது.

தட்டணு ஏறியது. காய்ச்சல் குறைந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. கிரேஸ் சொன்னதை எழுதுகிறேன். தங்கராஜும் ஒரு கதை சொல்கிறான். அதில் அவனுடைய வீரம் அதிகமாக இருப்பதால் அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் என்னைக் கொல்லைப்புறம் நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். சுவருக்கு அப்பால் தங்கராஜ் குதிரைக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தான். அது அப்போது விழாமல் நிற்கும் அளவுக்குத் தேறியிருந்தது. நான் எட்டிப் பார்த்து, "ஏலே தங்கம், சாப்ட்டியா? வெயில்ல நிக்காத" என்றேனாம்.

அவன் கையிலிருந்த தூரிகை கீழே விழுந்துவிட்டது. தெருவைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டான்.

"மதினி, இவியளுக்கு என்ன செய்யுது?"

"டெங்கு. சரியாப் போச்சுன்னு அனுப்பிட்டாக."

"என்ன சரியாப் போச்சு? என்னையச் சாப்ட்டியான்னு கேக்காரு!"

"கேட்டா என்ன? கூடப் பொறந்தவுகதானே. காய்ச்சல்ல மனசு இளகியிருக்கும்."

"எங்க அண்ணனுக்கு மனசு இளகாது மதினி. மூளைதான் இளகியிருக்கு. அந்த உதட்டைப் பாருங்க. பிஜிலிக்கு இழுத்த மாதிரியே இழுக்கு."

"என் புருசனைக் குதிரையோட சேக்காதீக."

"சேக்கல. குதிரை இவியளை மாதிரி பேசுனதில்ல. நடக்கச் சொல்லுங்க, பாப்போம்."

என்னை எழுப்பி நடக்கவைத்தார்கள். இடது கால் தரையில் இழுபட்டது. கிரேஸ் அப்போதுதான் அழத் தொடங்கினாள். தங்கராஜ் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தான். அவர், "மனுஷனுக்கு நான் வைத்தியம் சொல்லக் கூடாது. ஆனா ஒரு நிமிஷமும் வீட்டுல வச்சிருக்காதீங்க" என்று சொல்லி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நரம்பியல் மருத்துவரின் பேரைக் கொடுத்தார்.

சாரட்டு வண்டியை ஏற்றிப்போகும் 'குட்டி யானை' சரக்கு வண்டியில், குதிரையின் வைக்கோல்மேல் படுக்கவைத்து என்னைக் கொண்டுபோனார்கள். ராஜபாளையம் தாண்டியதும் வலிப்பு வந்ததாம். அந்த வைக்கோல் நாற்றம் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. இன்றுவரை அதற்காக நான் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

நரம்பியல் மருத்துவர் சொன்னது இது. முதுகுத் தண்டுவட நீர் (மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் தெளிந்த திரவம்) கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும். ரத்தத்தில் தெரிவதை நம்ப முடியாது. மூளையைச் சுற்றிய நீரில் அந்த எதிர்ப்புப் பொருள் இருந்தால்தான் நோய் மூளையில் இருக்கிறது என்று உறுதி.

எங்கள் ஊர்ப்பக்கம் முதுகில் ஊசி என்றாலே வீடு இரண்டாகிவிடும். ஊசி போட்டால் கால் விளங்காது என்று எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் மகள் ஷீபா கோயம்புத்தூரிலிருந்து போனில் கத்தினாள்.

"சித்தப்பா, நீங்க யாரு எங்க அப்பாவுக்கு ஊசி போடச் சொல்ல? இத்தனை வருஷம் பேசாதவியளுக்கு இப்ப என்ன அக்கறை?"

"அக்கறை எல்லாம் இல்லம்மா. ஊர்ல பாதிப் பேரு பிஜிலிதான் உங்கப்பாவுக்கு நோயைக் குடுத்துச்சுங்கான். குதிரையை ஊரைவிட்டு அனுப்பச் சொல்லுதான். இவிய முதுகுத் தண்ணியைப் பாத்தாத்தான் உண்மை தெரியும்."

மருத்துவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இது உங்க குதிரைக்கான டெஸ்ட் இல்ல சார். பேஷண்டுக்கு."

"ரெண்டுக்கும் ஒண்ணுதான் டாக்டர். எடுங்க."

அண்ணனைக் காப்பாற்றத் தம்பி ஓடிவந்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். தேவாலயத்தில் ஒருவர் இதைக் கடவுள் செய்த நன்மைக்குச் சாட்சியாகவே எழுந்து சொல்லிவிட்டார். அவன் ஓடிவந்தது குதிரையைக் காப்பாற்ற. இதை அவனே மறுக்கவில்லை.

கையெழுத்துப் போட்டது கிரேஸ். போடும் முன் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "பொழச்சா பழையபடி வருவாகளா?"

"சொல்ல முடியாதும்மா. சில பேர் முழுசா வருவாங்க. சில பேருக்கு ஞாபகம், நடை, குணம், ஏதாவது ஒண்ணு மாறிடும்."

"கால் போனாப் போகுது. எண்ணத் தெரியாம, வையத் தெரியாம இவியளை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? அது யாரோ ஒரு ஆளுல்லா?"

முதுகில் ஊசி போட்டதால் என் கால் போகவில்லை. இழுபட்ட கால் ஊசிக்கு முன்பே இழுபட்டது. இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

மதுரைக்கு அனுப்பிய திரவத்தில் விடை வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல். தலையை ஸ்கேன் எடுத்ததில் தலாமஸ் (உணர்வுகளையும் அசைவுகளையும் பிரித்து அனுப்பும் மூளையின் நடுப்பகுதி) இரண்டு பக்கமும் வெளுத்துத் தெரிந்தது.

இந்தக் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. இதை என்னிடம் பூசி மெழுகாமல் சொன்னது நல்லது. மூளை வீக்கத்தை வடிக்கலாம். வலிப்பை நிறுத்தலாம். மூக்கு வழியே குழாய் விட்டு உணவு கொடுக்கலாம். மற்றபடி உடம்பு தானே சண்டை போட வேண்டும். சண்டை போடுவதில் எனக்குப் பழக்கம் உண்டு.

குழாயை எடுத்து, வாயால் முதல்முறை கஞ்சி கொடுத்த அன்று கிரேஸ் கரண்டியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை நான் யார் என்ன செய்தாலும் "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

"ஏட்டி, இதுல உப்பு எங்க? இது கஞ்சியா, கழுநீரா?" என்றேன்.

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். "வஞ்சுட்டாக! வஞ்சுட்டாக!" என்று நான் திட்டியதை அங்கே எல்லோரிடமும் சொல்வது எனக்குக் கேட்டது. பக்கத்து அறை நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்பப் பொழச்சுட்டாரு. நான் ஊருக்குப் போறேன், பிஜிலிக்குத் தீவனம் வைக்கணும்" என்று தங்கராஜின் குரல் சொன்னது. அவன் உள்ளே வந்து என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

கிரேஸ் சந்தோஷத்தில் அழுதாள் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், நான் காப்பியில் சர்க்கரை அதிகம் என்று சத்தம் போட்டபோது, "காய்ச்சல்ல கிடந்தப்ப ஒரு வாரம் எம்புட்டு நல்லாப் பேசுனீக" என்றாள். நான் அந்தக் காப்பியைக் குடித்து முடித்தேன். இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த நல்ல வார்த்தைகளை ஒரு கிருமிதான் பேசியிருக்கிறது. இதற்கு நான் யாரைத் திட்டுவது?

நான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தேவதானத்துக்கு ஒரு குழு வந்துவிட்டது. பூச்சியியல் அலுவலர் ஒருவர் பொழுது சாயும் நேரத்தில் மாட்டுத் தொழுவங்களில் நின்று, கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, கொசுவை உயிரோடு பிடித்தாராம். இன்ன வகை, இன்ன இடம் என்று பிரித்து, கூட்டம் கூட்டமாகச் சோதனைக்கு அனுப்பினார்கள். பன்றிகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். பன்றிக்காரர்கள் கம்போடு வந்தார்கள். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி விடுபட்டிருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்தார்கள்.

அந்த அலுவலர் பிறகு என்னைப் பார்க்க வந்தபோது விவரமாகக் கேட்டேன். இந்தக் கிருமி கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றியிலும் பெருகுகிறது. நெல் வயலிலும் கண்மாய் ஓரத்திலும் முட்டையிடும் கொசு அதை எடுத்துவருகிறது. மனிதனும் குதிரையும் முட்டுச்சந்து. கிருமி எங்களிடம் வந்து சேரும். எங்கள் ரத்தத்தில் அது இன்னொரு கொசு எடுத்துப்போகும் அளவுக்குப் பெருகாது. குதிரையிடமிருந்து எனக்கு வரவில்லை. என்னிடமிருந்து குதிரைக்கும் போகவில்லை. இருவரையும் ஒரே வயல்காட்டுக் கொசு கடித்திருக்கிறது. குதிரைக்கு முதலில் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதனால்தான் சில ஊர்களில் குதிரைகளின் ரத்தத்தை அவ்வப்போது சோதித்து, மனிதர்களுக்கு வரும் முன்பே எச்சரிக்கை செய்கிறார்களாம்.

"அப்ப தொட்டி?" என்றேன்.

"தொட்டியில இருந்தது வேற வகைப் புழு சார். இந்த நோய்க்கு முக்கியமான கொசு வயல்ல வளரது."

வேறு வகைப் புழுவும் புழுதான். என் புகார்களை நான் திரும்பப் பெறவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது தெருவில் என்னைக் கடந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கொசு கடித்து வரும் நோய்க்கு மூக்கைப் பொத்துகிறார்கள். என் தோப்புக் காயை வாங்கினால் நோய் வரும் என்று மாடசாமி சொல்லித் திரிந்தான். லாபம் லாபம் என்று எண்ணிய அன்றே எனக்கு மூளை கலங்கியிருந்தது என்று சொல்லி அனுப்பினேன். "அண்ணாச்சிக்கு அது எப்பவுமே கலங்கித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது.

கால்நடை மருத்துவர் மறுபடி வந்தார். பிஜிலிக்கு இரண்டாவது ரத்தம் எடுக்க வேண்டும். முதலில் எடுத்ததில் இந்த நோயா, மேற்கு நைல் காய்ச்சலா என்று பிரிக்க முடியவில்லை. சில வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால், ஏறியது எதுவோ அதுதான் நோய். எனக்கும் அப்படி இரண்டாவது முறை எடுத்தார்கள்.

தங்கராஜ் மறுத்துவிட்டான். பிஜிலியின் பின்னங்கால் தேறவே இல்லை. சாரட்டு இழுக்க இனி ஆகாது. முதல் ரத்தம் எடுத்த பிறகுதான் அது விழுந்தது என்று அவன் மனசில் ஏறிவிட்டது. இத்தனைக்கும் என் முதுகில் ஊசி போடச் சொல்லி மல்லுக்கு நின்றவன்.

நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு சுவரோரம் போனேன்.

"டாக்டரம்மா, பட்டாளத்துக்காரர் ஊசிக்குப் பயப்படுதாராக்கும்?"

"யாரு பயப்படுதா? பிஜிலி பாவம், கிடக்கட்டும்னு பாக்கேன்."

"நான் ரெண்டாவது ரத்தம் குடுத்தாச்சு. முதுகுலயும் குடுத்தாச்சு. கிழவனே குடுத்துட்டேன். உன் மின்னலுக்கு என்ன?"

சுவருக்கு அப்பால் அவன் குதிரையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் சொன்னான். "நல்ல புத்தியோட ஒரு தடவை சாப்ட்டியான்னு கேளுங்க. எடுக்கச் சொல்லுதேன்."

"கேக்க மாட்டேன். அது நோயில கேட்டது."

"தெரியும். அதான் கேக்கச் சொல்லுதேன்."

"அப்ப ஊர்ல போய், குதிரைக்கு என்ன நோயின்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லிக்க. நான்தான் அதுக்கு நோயைக் குடுத்தேன்னுகூடச் சொல்லிக்க. நாளைக்கே ஊராட்சிக்கு எழுதுதேன், குதிரைக்குச் சோதனை பண்ணவே விடமாட்டேங்கான்னு."

"எழுதிருவாரு டாக்டரம்மா, எழுதிருவாரு. எடுங்க ரத்தத்தை!"

எடுத்தார். அளவு நான்கு மடங்குக்கும் மேலே ஏறியிருந்தது. பிஜிலிக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான். இது குதிரையிடமிருந்து மனிதனுக்குப் பரவும் நோய் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதும் குதிரையை ஊரைவிட்டு அனுப்பும் பேச்சு அடங்கியது. ஓடாத குதிரைக்கு அவன் இன்னும் தீவனம் வைத்துக்கொண்டிருக்கிறான். அதைக் கண்காணிக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அவ்வப்போது வந்து ரத்தம் எடுக்கிறார்கள். என்னையும் எதிலோ சேர்த்திருக்கிறார்கள்.

இப்போது நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். கை நடுங்குகிறது. முகத் தசைகள் இறுகிவிட்டன. உள்ளே கோபம் வந்தாலும் முகத்துக்கு அது போய்ச் சேர நேரமாகிறது. நான் கத்தி முடித்த பிறகுதான் என் முகம் கோபிக்கிறது என்று கிரேஸ் சொல்கிறாள். எதிரில் நிற்பவர்கள் நான் அமைதியாகிவிட்டேன் என்று தப்பாக நினைக்கிறார்கள். ஒரு நல்ல வசவு முகம் இல்லாமல் பாதிதான் போய்ச் சேர்கிறது.

மறுபரிசோதனைக்குப் பேருந்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன். கடைசியாகப் போனபோது நரம்பியல் மருத்துவர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொன்னார். நூற்பாலையில் வேலை பார்த்தவனிடம் கேட்கும் கேள்வியா இது என்றேன். சொல்லுங்கள் என்றார்.

தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து.

அங்கே நின்றுவிட்டேன். விடை தெரியாமல் இல்லை. அது வந்துகொண்டிருந்தது. தெருமுனையில் ஆள் திரும்பி வருவது தெரிந்தும் வாசலுக்கு வந்து சேராதது போல. மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். கிரேஸ் என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஐம்பத்தெட்டு" என்றேன். பிறகு கடைசிவரை சரியாகச் சொன்னேன்.

"ரொம்ப நல்லாருக்கு சார். எண்ணிக்கை திரும்ப வந்துடுச்சு" என்றார்.

"அது திரும்ப வந்துட்டுன்னா, நடுவுல நான் எங்க போயிருந்தேன்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து சாலையைக் கடக்க வேண்டும். வலது காலை எடுத்துவைத்தேன். இடது காலுக்கும் சொல்லியாகிவிட்டது. அது இன்னும் கிளம்பவில்லை. எனக்காக நிறுத்திய ஒரு பேருந்துக்காரன் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தான். முன்பு நான் யாருக்காகவும் சாலை நடுவில் நின்றவன் இல்லை. இப்போது என் சொந்தக் கால் வந்து சேரும்வரை நிற்கிறேன்.